மாமா மடி

என் மகனுக்கு இரண்டரை வயது ஆகும்வரை தலையில் கத்தி படவில்லை. பிறந்த முடி பிறந்தபடியே வளர்ந்து தோளைத் தொட்டது. தினமும் காலையில் எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்து உச்சியில் ஒரு குடுமி போட்டுவிடுவேன். மத்தியானத்துக்குள் அது அவிழ்ந்து ரசம் சோற்றில் புரளும். ஏன் இன்னும் முடி இறக்கவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னேன். அவனுடைய மாமா வரவேண்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையின் முதல் முடியைக் குலதெய்வத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதுவும் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் இறக்குவார்கள். மாமன் இல்லாதவர்கள் ஒன்றுவிட்ட மாமனை உட்காரவைப்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் கல்லுப்போல இருக்கிறான், மெல்பர்னில்.

அவன் என்று எழுதுகிறேன். நேரில் வாங்க, போங்கதான். எங்கள் ஊரில் நாய்க்குட்டியைத் துரத்தவும் 'ங்க' போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எழுதும்போது மட்டும் அண்ணனுக்கு அந்த மரியாதையைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

பையன் பிறந்த வருடம், புது வேலை, லீவு கேட்க முடியாது என்றான். அடுத்த வருடம் வீடு மாறினார்கள். அதற்கப்புறம் அவன் மகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டது. "இந்தத் தையில கண்டிப்பா வாரேன் கண்ணு" என்பான். தை போய் மாசி வரும். நான் ஒருதடவைகூடக் கோபப்படவில்லை. கோபப்படுவது எனக்குக் கை வந்த கலை என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஆனால் அவனிடம் மட்டும் அது வராது. அவனுக்காக மற்றவர்களிடம் சண்டைதான் போட்டேன். என் மாமியார் ஒருநாள் பேரனின் குடுமியைப் பிடித்துக்கொண்டு, "உங்கண்ணன் வர்றதுக்குள்ள இவனுக்கு மீசையும் சேர்த்து எறக்கோணுமாட்ட இருக்குது" என்றார். வீட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெளிநாட்டில் கிடந்து மாரடிப்பவன் கஷ்டம் இவர்களுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே பாத்திரம் கழுவினேன்.

நான் கோயமுத்தூரில், துடியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மே மாதம் முழுக்க லீவு. அந்த வருடம் நானே ஒரு முடிவு எடுத்து அண்ணனுக்குப் போன் செய்தேன். நீங்கள் வர முடியாவிட்டால் பரவாயில்லை, நாங்கள் வருகிறோம், கையோடு உங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

"சரி, வா கண்ணு. ஜூன்ல நீ திரும்பும்போது நானும் கூடவே வாரேன். ஆனியில முடி எறக்கிப்போடலாம்" என்றான்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் பாஸ்போர்ட், விசா என்று அலைந்தேன். என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார், மோட்டாருக்கு உதிரி பாகம் செய்து தருகிற பட்டறை. அதை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. அத்தனை தூரம் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதற்கு, மச்சான் வரும்போது வரட்டுமே என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அம்மாவும் அதையே சொன்னார். விமானத்தில் காது அடைக்கும், அங்கே குளிர், சளி பிடித்துக்கொள்ளும் என்றார். வழக்கமாக அண்ணன் பேரைச் சொன்னாலே பூரித்துப்போகிறவர், மகள் அங்கே போகிறாள் என்றதும் ஏன் இப்படி இழுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. ஏர்போர்ட் வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனைப் போட்டு எதையும் கொடையாத கண்ணு. போனமா, இருந்தமா, வந்தமான்னு இருக்கோணும்."

மகன் என்றால் அம்மாவுக்கு எப்போதுமே ஒருபடி கூடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் பெட்டியில் அண்ணனுக்காக ஒப்பணக்காரத் தெருவில் நானே பார்த்து எடுத்த ஒரு பட்டு வேட்டி இருந்தது. கோயிலில் அவன் அதைக் கட்டிக்கொண்டு என் பையனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்குத் தனி சீட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். எடுத்தோம். அந்த சீட்டில் அவனுடைய பொம்மை யானைதான் சொகுசாக உட்கார்ந்து வந்தது. பையன் என் மடியை விட்டு இறங்கவில்லை. சீட் பெல்ட்டைப் போடுவதும் கழற்றுவதுமாக அரைமணி நேரம் விளையாடினான். அதில் எனக்கும் ஒரு நிம்மதி. விமானம் மேலே ஏறும்போது காது அடைத்ததோ என்னவோ, காலையில் ஊட்டிய அரிசிம்பருப்பு சாதத்தை அப்படியே என்மேல் வாந்தி எடுத்தான். அவனுக்கு ஐந்து செட் மாற்றுத்துணி கைப்பையில் வைத்திருந்தேன். எனக்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே புத்திமதி இதுதான், உங்களுக்கும் ஒரு சுடிதார் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன் போய்ச் சேரும்வரை நான் பெருங்காய வாசத்தோடுதான் இருந்தேன்.

எங்கள் வரிசையில் இன்னொரு ஓரத்தில் உக்கடத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசம். ஜவுளி வியாபாரமாம். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம், அதற்குப் போகிறார். நான் துணியைக் கழுவிக்கொண்டு வரும்வரை அவர்தான் பையனை வைத்திருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய கைக்கடிகாரம் பையன் வாயில் இருந்தது.

"பாப்பா பேரென்னங்கம்மா?" என்றார்.

பாப்பா இல்லைங்க, பையன் என்று சொல்லிக் கதையை ஆரம்பித்தேன். குலதெய்வம், மாமன் மடி, மெல்பர்ன், ஆனி மாதம், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கள்ல ஏழாம் நாளே எறக்கிருவோமுங்க. மாமன் வாரானா மச்சான் வாரானான்னு பாத்துட்டு இருக்கறதில்லீங்க" என்றார். சொன்ன பிறகு எனக்கு மனசு கஷ்டப்படுமோ என்று தோன்றியிருக்க வேண்டும். மாமன் மடி என்றால் அது ஒரு பெருமைதான் என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

என் அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று நான் அவரிடம் பெருமையடித்தேன். எனக்கு சைக்கிள் ஓட்டப் பழக்கியதையும், ப்ளஸ் டூ பரிட்சை அன்று மழையில் என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை நனைந்துகொண்டே வாசலில் நின்றதையும் சொன்னேன். அந்தப் பெரியவர் தலையாட்டிக் கேட்டதை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. யார் என்றே தெரியாத ஒரு மனிதரிடம் போய் அப்படி அளந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் இறங்கி மூன்று மணி நேரம். அங்கே நடக்காமலே நகர்த்திக்கொண்டு போகிற தரை இருக்கிறது இல்லையா, அதில் பையன் என்னைப் பதினோரு தடவை போகவர வைத்தான். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, "மாமா ஊடு?" என்று கேட்டான். ஆண்பிள்ளைக்கு எதற்குக் குடுமி என்று அங்கே யாருக்கும் தெரியாது, வழியில் பார்த்தவர்கள் எல்லாம் அழகான பெண் குழந்தை என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது விமானம்தான் கொடுமை. ஏறி ஒரு மணி நேரத்தில் அழ ஆரம்பித்தான். பசி இல்லை, தூக்கம் இல்லை, வயிற்று வலியும் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கச் சொன்னால் யாருக்குத்தான் அழுகை வராது. முன் சீட்டை உதைத்தான். முன் சீட்டுக்காரர் மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். நாலாவது தடவை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார், புண்ணியவான். நான் இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த ஒடுக்கமான நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தேன். என்னிடம் இருந்த பிஸ்கட், பொம்மை, போனில் இருந்த பாட்டு எல்லாம் தீர்ந்துபோயின. கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு லஞ்சம்தான். தூங்கினால் மாமா மடி. சாப்பிட்டால் மாமா மடி. பெல்ட் போட்டுக்கொண்டால் மாமா மடி. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. விமானம் இறங்குவதற்குள் மாமா மடி என்பது சீசாவும் சறுக்கு மரமும் இருக்கிற ஒரு பார்க் என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

மெல்பர்ன் ஏர்போர்ட்டில் அம்மா கொடுத்துவிட்ட கொள்ளுப்பொடி டப்பாவையும் கச்சாயப் பலகாரத்தையும் சுங்க அதிகாரிகள் திறந்து பார்த்து, மோந்து பார்த்து, போகச் சொன்னார்கள். அத்தனை நேரம் தூங்காத பையன் சரியாக நடக்க வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டான். ஒரு கையில் அவன், ஒரு கையில் பெட்டி, தோளில் பை, சுடிதாரில் வாந்தி. வெளியே அண்ணன் நின்றிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பையனை என் கையிலிருந்து வாங்கியதும் பையன் முழித்துக்கொண்டு, அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"மாமா மடி?" என்றான்.

அண்ணனுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவன் சிரித்துவிட்டு, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பையனை மடியில் வைத்துக்கொண்டான். அந்தக் குடுமியைத் தடவிக்கொடுத்தபோது அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது பொய்க் கண்ணீர் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அதுதான் எனக்கு எரிகிறது.

முதல் பத்து நாள் நன்றாகத்தான் போயின. காலையில் அண்ணன் வேலைக்குக் கிளம்பும்வரை பையன் அவன் மடியில். சாயங்காலம் கார் சத்தம் கேட்டால் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடுவான். அண்ணி எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவளுடைய ஆறு வயது மகள் என் பையனுக்குத் தன் ரிப்பனைக் கட்டிவிட்டுக் கண்ணாடி காட்டுவாள். பட்டு வேட்டியைக் கொடுத்தபோது அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். ஜூனுக்கு அவனுடைய டிக்கெட் போட்டாயிற்றா என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பார்க்கலாம், போடலாம், ஆபீசில் கேட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பதில் சொன்னான்.

பதினோராம் நாள் காலையில் பையன் சமையலறையில் கீழ் டிராயரை இழுத்துப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். உள்ளே எல்லாம் மடித்து வைத்த துணிப்பைகள். ஒன்றை எடுத்துத் தலையில் தொப்பியாக மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். மஞ்சள் பை. விசேஷ வீட்டில் தேங்காய், வெற்றிலை போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை. அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிப்பது நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி. நானும் படித்தேன். அண்ணியின் தங்கை மகனுக்குக் காதணி விழா. கருமத்தம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். போன ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை பாருங்கள். கணக்கு டீச்சர் என்று பேர். யாரோ வந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். சளி என்று அன்று பள்ளிக்கூடம் போகாத அண்ணன் மகள் ஹாலில் வரைந்துகொண்டிருந்தாள். இது யார் கொண்டுவந்த பை கண்ணு என்று சும்மாதான் கேட்டேன்.

"நாங்கதான் அத்தை. நான் பட்டுப்பாவாடை போட்டிருந்தேன். அப்பா வேட்டி கட்டினாங்க" என்றாள். கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு ஆத்தா சொன்னாங்க" என்றாள்.

ஆத்தா என்றால் என் அம்மா. கருமத்தம்பட்டியில் இருக்கிற என் அம்மா.

அந்த ஆவணி எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாக வந்தது. அந்த வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவுக்குப் போன் செய்திருந்தேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், ஒரே தூசி, பையனுக்கு இளைப்பு வந்துவிடும், அடுத்த வாரம் வா என்றார். சரி என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் போனபோது சமையலறைச் சுவரில் பழைய எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. என்ன மட்டமான சுண்ணாம்பு அடித்திருக்கிறான், காசைத் திருப்பிக் கேளுங்கள் என்று அம்மாவிடம் நான்தான் கத்தினேன். அம்மா பையன் கையில் ஒரு வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்தார். கூரியரில் அண்ணன் அனுப்பியது என்றார்.

துடியலூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் பஸ்ஸில் ஒண்ணேகால் மணி நேரம். நான் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி வந்திருக்கிறேன். அண்ணனோ ஒண்ணேகால் மணி நேரத் தூரத்தில் வந்து, இன்னொரு பிள்ளையின் காதுகுத்தில் வேட்டி கட்டி நின்றுவிட்டு, என் அம்மா வீட்டிலேயே படுத்து எழுந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றும் ஞாபகம் இருக்கிறது. பையனுடைய முடியில் பலாப்பழப் பிசின் ஒட்டிக்கொண்டது. வெட்டக்கூடாதே என்று, நல்லெண்ணெய் வைத்து ஒவ்வொரு இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவரிடம் அழுது தீர்க்கலாம் என்று இருந்தேன். என் அண்ணன் போன ஆவணியில் ஊருக்கு வந்திருக்கிறான், தெரியுமா என்று ஆரம்பித்தேன். உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"உங்கம்மா கையைப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க கண்ணு. நான் என்ன பண்றது? மச்சானை ஏர்போர்ட்டுல கொண்டுபோயி விட்டதே நான்தான்" என்றார்.

அன்று கருமத்தம்பட்டிப் பக்கம் லோடு ஏற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். சாயங்காலம் திரும்பி வந்து, நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, உப்பு கம்மி என்று சொன்னவர். எங்கள் வீட்டில் இந்த விஷயம் தெரியாத ஆள் இரண்டே பேர், நானும் இரண்டு வயதுப் பையனும். போனை வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு நாள் அவர் அழைத்தும் எடுக்கவில்லை.

அண்ணன் சாயங்காலம் வந்தான். வழக்கம்போல பையன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். கொல்லைப்புறத்தில் காய்ந்த துணியை எடுக்க அண்ணன் போனபோது நான் பின்னாலேயே போய் அந்த மஞ்சள் பையைக் கொடியில் மாட்டினேன். அவன் பார்த்தான். கையிலிருந்த துணியைக் கூடையில் வைத்தான். மறைக்கப் பார்க்கவில்லை, அதுவரைக்கும் சரி.

பத்து நாள்தான் லீவு கிடைத்தது, அண்ணி வீட்டு விசேஷத்துக்கே அது சரியாகப் போய்விட்டது என்றான். முடி இறக்க வேண்டுமென்றால் நாள் பார்க்க வேண்டும், பங்காளிகளைக் கூப்பிட வேண்டும், தாய்மாமன் சீர் செய்ய வேண்டும், அவசர அவசரமாக அதைச் செய்ய அவனுக்கு மனசு வரவில்லையாம். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை என்று அம்மாதான் யோசனை சொன்னாராம்.

"உங்கிட்டச் சொன்னா நீ கேப்பே. நீ கேட்டா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது கண்ணு. அதனாலதான் சொல்லலை."

"எனக்குச் சீர் வேண்டாமுங்கண்ணா. கூட்டமும் வேண்டாம். ரெண்டரை வருஷமா நான் மடிதானே கேட்டேன்?"

ஜூன் டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்டேன். லீவு போன ஆவணியிலேயே தீர்ந்துவிட்டது என்றான். அப்புறம் ஏன் வாரேன் என்று சொன்னீர்கள் என்றேன். நேரில் வந்து இங்கத்து நிலைமையைப் பார்த்தால் நானே புரிந்துகொள்வேன் என்று நினைத்தானாம். எத்தனை நல்லெண்ணம் பாருங்கள். என்னை விமானம் ஏற்றி வரவைத்துத்தான் புரியவைக்க வேண்டியிருந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து, இங்கேயும் கோயில் இருக்கிறது, நாளைக்கே என் மடியில் வைத்து இறக்கிவிடலாமே என்றான். பையன் அப்போது அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் எனக்குச் சபலம் தட்டியது. மடி இருக்கிறது, பிள்ளை இருக்கிறான், வேறென்ன வேண்டும். ஆனால் அந்த முடி பிறந்த அன்றைக்கே காங்கேயத்துப் பக்கம் இருக்கிற எங்கள் சாமிக்கு என்று நேர்ந்தது. மனுஷரை ஏமாற்றியது போதும், சாமியையும் சேர்த்து ஏமாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மீதி நாட்களை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. சாப்பிட்டேன், சிரித்தேன், பார்க்குக்குப் போனேன். கிளம்புகிற நாள் பெட்டியைத் திறந்தபோது மேலாகவே அந்தப் பட்டு வேட்டி இருந்தது. இங்கே எங்கே கட்டப்போகிறார், ஊரிலேயே இருக்கட்டும் என்று அண்ணி எடுத்து வைத்திருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் வீட்டு விசேஷத்துக்கு அவள் புருஷன் போனான், அவ்வளவுதான்.

திரும்பும்போது பையன் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மாமா எங்கே, மாமா எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான். வரும்போது வைத்திருந்த லஞ்சம் இப்போது என் கையில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். ஊரில் போய் எல்லாருக்கும் முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாக்கியமாக அமைத்துக்கொண்டு வந்தேன். கோயிலில் யார் மாமனைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவும் என் வீட்டுக்காரரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நிற்கவைத்துச் சொல்ல வேண்டும்.

ஆனியில் நாள் குறித்தோம். அண்ணனுக்குப் பதிலாக என் பெரியப்பா மகன் வந்தான், அவினாசியில் மளிகைக் கடை வைத்திருப்பவன். ஒரு போன்தான் செய்தேன். கடையைச் சாத்திவிட்டு விடிவதற்கு முன்னாலேயே வந்து நின்றான். பட்டு வேட்டி அவனுக்குக் கொஞ்சம் குட்டையாக இருந்தது. முடி இறக்குகிறவர் தண்ணீர்ச் சொம்போடு தயாராக உட்கார்ந்தார். பையனைத் தூக்கி மடியில் வைத்ததும் அவன் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தான்.

"இது மாமா மடி இல்ல" என்றான். இறங்கப் பார்த்தான். உதைத்தான். மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

என் மாமியார் வழியில் ஒரு பெரியம்மா, கூட்டத்துக்கு நடுவிலிருந்து கேட்டார். "ஏனம்மணி, கூடப் பொறந்த மாமன் வர்லீங்களா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா தாம்பாளத்தோடு எதிரில் நின்றார். தாம்பாளம் லேசாக ஆடியது, தேங்காய் உருண்டு ஓரத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வரிசையாகத் தொண்டை வரைக்கும் வந்து நின்றன. மழையில் நனைந்துகொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்ற அண்ணனை இத்தனை பேர் வாயில் போட்டு மெல்லக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

"லீவு கெடைக்கலீங்க பெரீம்மா" என்றேன்.

அம்மாவின் தாம்பாளம் நேரானது. கத்தி பட்டது. இரண்டரை வருட முடி ஈரத்தோடு அந்தக் குட்டை வேட்டியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் பக்கத்தில் வந்து நின்று, என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கையை உருவிக்கொள்ளவில்லை.

தலைக்குச் சந்தனம் பூசி, புதுச்சட்டை போட்டு, பையனை என்னிடம் கொடுத்தார்கள். அழுது அழுது அவனுக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

"மாமா எப்ப வருவாங்க?"

"லீவு கெடச்சதும் வந்துருவாங்க சாமி" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டான்.